முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்

அந்த ஆள் தண்ணீர் குடித்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பாட்டிலைத் திறந்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது, நாலைந்து விநாடி. அதற்கப்புறம்தான் ஒரு மடக்கு. சட்டைப் பையில் ஃபோன் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் முடிவே கட்டிவிட்டேன்: வாய்ஸ் நோட். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எங்களைப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அன்றைக்கு என் நிலைமையில் இருந்திருந்தால் நீங்கள் அவர் தும்மினால்கூடச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். காரணம், நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் யூனிட். யூனிட் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பெரிய இரும்புச் சட்டி, இரண்டு சீவுகிற மெஷின், பாக்கெட் ஒட்டுகிற மெஷின் ஒன்று, பன்னிரண்டு பெண்கள். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறோம். மணலிப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் சிப்ஸ் வாசனையைவிடக் கெமிக்கல் வாசனைதான் தூக்கலாக இருக்கும். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதனால் கழுத்தில் தொங்குகிற அட்டையில் 'தரக் கட்டுப்பாடு' என்று போட்டிருக்கும். மொத்தத் தரக் கட்டுப்பாடும் நான் ஒருத்தன்தான். தோல் உரிக்கிற பெண்களுக்குத் தலைவி என் சொந்த அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அதை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்லிக் காட்டுவாள்.

ஓனருக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருந்தது. வாங்குகிறவர்கள் யூதர்கள். அவர்கள் சாப்பிடுகிற பொருளுக்குக் கோஷர் என்று ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். அவர்கள் மதச் சட்டப்படி சுத்தமானது என்று அர்த்தம். அதைக் கொடுப்பதற்கு ஓர் ஆள் நேரில் வந்து பார்ப்பார். ஓனர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"இந்தப் பேப்பர் வந்துச்சுன்னா யூனிட் இங்கியே கீது. வர்லன்னு வையி, அடுத்த மாசம் கும்மிடிப்பூண்டிக்குத் தூக்கிகினு போய்டுவேன். அங்க வாடக கம்மி. அப்பால என்ன கொற சொல்லக் கூடாது."

கும்மிடிப்பூண்டிக்கு யார் போவார்கள்? பன்னிரண்டு பேருக்கும் குழந்தை, குட்டி, ஸ்கூல் எல்லாம் இந்த ரோட்டில்தான். பேப்பர் வராவிட்டால் அக்கா உட்பட பன்னிரண்டு பேரும் வீட்டில். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பேப்பர் என் கையெழுத்தில் நின்றது.

பொய் என்னவென்றால், ஓனருடைய மச்சானுக்குக் காசிமேட்டில் போட் இருக்கிறது. சர்ட்டிபிகேட் ஆள் வருவதற்கு முந்தின மாதம் ஒரு நாள் போட் முழுக்க இறால். விலை படுத்துவிட்டது. மச்சான் கூடை கூடையாக இங்கே இறக்கினார். "ஊறுகா போடு மாமா, பிச்சிகினு போவும்." இரண்டு நாள் எங்கள் சிப்ஸ் சட்டியில் இறால் பொரிந்தது. நாங்களும் ஆளுக்கு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனோம். பிரமாதமாகத்தான் இருந்தது. அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்து, சட்டி பளபளவென்று மாறி, பழையபடி சிப்ஸ்.

வருவதற்கு முன்னால் அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். உப்பு எங்கே வாங்குகிறீர்கள், எண்ணெய் என்ன பிராண்டு, இப்படி நாலு பக்கம். அதில் சட்டிக்கு மட்டும் தனியாக ஒரு கட்டம். கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பாத்திரத்தில் வேறு என்னவெல்லாம் சமைத்தீர்கள்? சட்டிக்குக்கூட பயோடேட்டா கேட்கிறார்கள். கூடவே ஒரு பட்டியல்: எது ஆகும், எது ஆகாது. செதிலும் துடுப்பும் இருக்கிற மீன் ஆகும். இறால், நண்டு, கடம்பா என்கிற கணவாய் எதுவும் ஆகாது. அதை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"வஞ்சிரம் ஆவுமா?"

"ஆவும்."

"சொறா?"

"செதில் கெடையாதே. ஆவாது."

"சொறாப் புட்டு துன்னாம இன்னா பொழப்புடா அது. பாவம்." கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எறா ஆவாதுன்னா... நம்ம சட்டி?"

ஓனர் பின்னாலேயே நின்றிருந்தார். "சட்டிக்கு இன்னா? கழுவியாச்சு. வாழைக்கா மட்டும்னு எழுது நைனா. எழுதி நீயே கையெழுத்தப் போடு. கெமிஸ்ட்ரி படிச்சவன் போட்டாத்தான் ஒரு கெத்து."

போட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

வருகிறவர் வெள்ளைக்காரராக இருப்பார், நீளத் தாடி, கறுப்புக் கோட்டு என்று நினைத்திருந்தோம். பம்பாய்க்காரர் வந்து இறங்கினார். நம்ம ஊர் நிறம், அரைக்கை சட்டை, தலையில் சின்னதாகக் குல்லா. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "வாங்க பாய், உள்ள வாங்க" என்று சலாம் வைத்துவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உரிக்கிற பெண்களில் ராயபுரத்து அக்கா ஒருத்தி சர்ச்சுக்குப் போகிறவள். அவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பைபிள்ல வர்ற யூதரா இவுரு? மெய்யாலுமா?"

"ஆமாக்கா."

"பாத்தா நம்ம மாவுமில் சேட்டு மாதிரி கீறாரு. இன்னும் நல்லா விசாரிடா."

அவர் பேசியது முழுக்க இங்கிலீஷ், நடுநடுவே பம்பாய் ஹிந்தி. நான் தமிழில் சொல்கிறேன். குடோனுக்குப் போனார், உப்பு மூட்டையைப் பார்த்தார், எண்ணெய் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தார். சட்டிக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார். "வாழைக்காய் மட்டும்தானே?" என்றார். "வாழைக்காய் மட்டும்தான் சார்" என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்தார். இவ்வளவு சுலபமாக நம்புகிற ஆளை நான் நம்பவில்லை. ஏதோ தெரிந்துகொண்டுதான் நடிக்கிறார் என்று தோன்றியது.

அதற்கு அடுத்த நிமிடம்தான் அந்தத் தண்ணீர் பாட்டில், அந்த உதட்டசைவு.

அதிலிருந்து அவர் வாயையே பார்க்க ஆரம்பித்தேன். ஓனர் டீ கொடுத்தார், வேண்டாம் என்றார். தட்டு நிறைய சிப்ஸ் நீட்டினார், அதுவும் வேண்டாம். முணுமுணுப்பும் இல்லை. தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்தார். முணுமுணுத்தார், கடித்தார். ஆனால் இந்த முணுமுணுப்பு தண்ணீருடையது போல இல்லை, முடிவு வேறு மாதிரி இருந்தது. ஃபோனில் குறித்துக்கொண்டேன்: தண்ணிக்கு ஒரு கோட் வேர்ட், கொய்யாவுக்கு வேற கோட் வேர்ட். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"மந்திரம்டா அது," என்றாள். "நம்ம சட்டில ஏதோ மந்திரிச்சி உட்டுட்டுப் போவப் போறான்."

"எக்கா, அவரு தன் கொய்யாவத்தான் மந்திரிக்கிறாரு. நம்ம சட்டிய இல்ல."

"ஒனுக்கு இன்னா தெர்யும். படிச்சவனுங்க எல்லாம் இப்டித்தான், கண்ணுக்கு எதுர்ல நடக்கும், தெர்யாது."

மதியம் நடந்ததுதான் உச்சம். சாப்பிட உட்கார்ந்தார். பையில் ரொட்டி கொண்டுவந்திருந்தார். ஒரு மக் கேட்டார். எங்கள் பிளாஸ்டிக் மக்கில் டிரம் தண்ணீரை மொண்டு, வலது கையில் இரண்டு தடவை, அப்புறம் இடது கையில் இரண்டு தடவை ஊற்றிக் கழுவினார். துடைத்தார். அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "சார், எண்ணெய் பில் எல்லாம் எடுத்து வைக்கட்டுமா?" பதில் இல்லை. "சார்?" அவர் 'ம்ம்' என்று மூக்கால் மட்டும் சத்தம் கொடுத்து, கையால் பொறு என்று காட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை. உட்கார்ந்தார், ரொட்டியைக் கையில் பிடித்தார், முணுமுணுத்தார், பிட்டு வாயில் போட்டு மென்று விழுங்கினார். விழுங்கின பிறகுதான், "ம், என்ன கேட்டாய்?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

எனக்கு முன்னால் யாராவது அப்படி மௌனம் சாதித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கண்டுபிடித்துவிட்டார்.

ரொட்டிக்குப் பிறகு, கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், நாலு மணி வாக்கில், லோடு இறக்குகிற ஷெட் நிழலில் நின்று ஒரு வாழைப்பழம் உரித்தார். பாதி உரித்ததும் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"இந்த ஊர் வாழை எப்படி? பழம் எடுத்த பிறகு மரம் நிற்குமா, செத்துவிடுமா?"

நான் புறநகர்ப் பையன். வாழைக்காய் லாரியில் வரும் என்று தெரியும். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு கையிலும் வாழைக் கறையோடு வந்து நின்றாள்.

"கொல தள்னா வெட்டிப்புடுவாங்க. அது அவ்ளோதான். பக்கத்துல கன்னு வரும், அது மறுபடி கொல தள்ளும்." பிறகு என்னைப் பார்த்து, "இத்த இன்னாத்துக்கு கேக்குறான்? வாழையிலயே கொற கண்டுபுட்சிட்டானா?"

நான் மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இருந்தாலும் பழத்தை வெட்டுகிறவர்கள் வாயால் கேட்பது நல்லது." முணுமுணுத்தார். சாப்பிட்டார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நேராகக் கேட்டுவிட்டேன். "சார், நீங்க ஒவ்வொரு தடவையும் யாருகிட்ட பேசறீங்க?"

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பையிலிருந்து ஃபோனை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார், பார்த்துக்கொள் என்று. நான் வெட்கமில்லாமல் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அவர் சொன்னது இதுதான். எதைச் சாப்பிடுவதற்கு முன்னாலும் கடவுளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ளது எல்லாம் அவனுடையது, கேட்காமல் எடுத்தால் திருட்டு மாதிரி. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை கிடையாது. மரத்தில் காய்ப்பதற்கு ஒன்று. நிலத்தில் விளைவதற்கு ஒன்று. ரொட்டிக்கு வேறு. தண்ணீர், மீன், முட்டை மாதிரி எதிலும் சேராததற்குப் பொதுவாக ஒன்று. கொய்யா மரம். வாழை பார்த்தால் மரம் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு தடவை காய்த்ததும் தண்டு செத்துவிடுவதால் அது நிலத்துக் கணக்கு.

"சிப்ஸ்?"

"வாழைக்காய் வாழைக்காயாகவே தெரிகிறது இல்லையா? அதுவும் நிலம்தான். நாளைக்கு என் தட்டில் சிப்ஸும் பழமும் இருந்தால் ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டுக்கும் சேர்ந்துவிடும்."

"அப்ப மதியானம் நான் கேட்டப்போ ஏன் சார் பதில் சொல்லல?"

"கை கழுவினதிலிருந்து முதல் வாய் விழுங்குகிற வரைக்கும் பேசக் கூடாது. பேசினால் சொன்னது அறுந்துவிடும். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனால் அதைவிட மோசம். அவன் பெயரை வீணுக்கு எடுத்த மாதிரி. அது பெரிய தப்பு."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய், தாழ்ப்பாள் போட்டு, ஃபோனில் தேடிப் பார்த்தேன். வாழை, நிலம், பேசக் கூடாது, வீணாக்கக் கூடாது. எல்லாம் அப்படியே இருந்தது. ஆள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பேஜாராகப் போனது. காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த கள்ளன் அந்தக் கட்டடத்தில் இருந்தான். அவன் பாத்ரூமில் நின்று ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அக்காவிடம் கேட்டேன். "சொல்லிடலாமா எக்கா?"

அவள் நடையை நிறுத்தவே இல்லை. "சொல்லிட்டு? நீ வேற வேலைக்குப் போவ, படிச்சிகீற. நாங்க? வாய மூடிகினு வா."

மறுநாள் அவர் கண் முன்னால் முதல் சட்டி போட வேண்டும். காலையிலேயே வந்துவிட்டார். புது எண்ணெய் டின்னை அவரே உடைத்தார். அடுப்பை அவர் கையால் பற்ற வைத்தார். அதற்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும், நான் கேட்கவில்லை. காய் விழுந்தது, எண்ணெய் நுரைத்தது, சிப்ஸ் மஞ்சளாக மேலே வந்தது. அந்தச் சட்டியில் இறால் மேலே வந்தது எனக்குக் கண்ணில் தெரிந்தது. மூக்கிலும் ஏறினது போல இருந்தது. நிஜமாக வாசனை எதுவும் இல்லை. அந்தச் சட்டியை நான் மூன்று தடவை மோந்து பார்த்திருக்கிறேன்.

ஓனர் ஆபீஸ் ரூமில் மேஜை போட்டு, மேஜை மேல் புதுத் துணி போட்டு வைத்திருந்தார். பம்பாய்க்காரர் உட்கார்ந்தார். பேப்பரை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார். ஒரு காகிதத் தட்டில் கொஞ்சம் சிப்ஸ், பக்கத்தில் தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழம்.

"நேற்று உங்கள் சிப்ஸை நான் தொடவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டே கையெழுத்துப் போடுகிறேன்," என்றார்.

ஓனர் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் அக்காவும் ராயபுரத்து அக்காவும் இன்னும் இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அவர் ஒரு சிப்ஸை எடுத்தார். நுனி விரலில் பிடித்துக்கொண்டார். உதடு அசைய ஆரம்பித்தது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. நல்லவன் என்றால் ஒரு நிமிடம் முன்னாலேயே சொல்லியிருப்பேன். முந்தின நாள் அவர் பாதி உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தண்டு சாகுமா நிற்குமா என்று அக்காவின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாரே, அது ஞாபகத்துக்கு வந்தது. ஒரே ஒரு வாழைப்பழத்துக்கு இத்தனை விசாரிக்கிற மனுஷன். நான் எழுதின ஒரு கட்டத்தை மட்டும் விசாரிக்கவில்லை.

உதடு நின்றது. கை வாய்க்குப் போனது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் சார்."

ஓனர், "டேய்!" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். பேச முடியாது, சொல்லியாகிவிட்டது. சாப்பிடாமலும் இருக்க முடியாது. கண்ணை மட்டும் அகல விரித்தார். 'ம்ம்?' என்று மூக்கால் கேட்டார். நேற்றைய அதே 'ம்ம்'. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. கடவுள் பெயரைச் சொல்லவிட்டு, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். கண் மேஜை மேல் போனது. பழம். நிலம். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அவர் கையிலிருந்த சிப்ஸை வாங்கிக் கீழே போட்டேன். பழத்தைத் தோலோடு எடுத்துக் கையில் திணித்தேன்.

அவருக்கு ஒரு விநாடி. பிறகு புரிந்தது. உரித்தார். கடித்தார். மெதுவாக மென்றார். அந்த அறையில் மெல்லுகிற சத்தம் மட்டும்தான். விழுங்கினார்.

"இப்போது சொல்."

"இறால்," என்றேன். "அந்தச் சட்டியில. ரெண்டு நாள். போன மாசம்."

பேனாவை மூடினார். ஒரு சின்ன 'க்ளிக்'. வாசலில் நின்றவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்த க்ளிக் எல்லோருக்கும் புரிந்தது.

"படிவத்தில் வாழைக்காய் மட்டும் என்று எழுதியது யார்?"

"நான்."

"எழுதச் சொன்னது?"

ஓனர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து என்னோடது சார்," என்றேன்.

நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. ஒன்றும் கிடையாது. அவர் முகம் மாறிவிட்டது. படிவத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டார். உப்பு இந்தக் கடையில்தானா? மூட்டையைக் காட்டு. பில்லைக் காட்டு. பெண்கள் சாப்பாட்டு டப்பாவை எங்கே கழுவுகிறார்கள்? நேற்று நீ சொன்னதில் இன்னும் எதெல்லாம் பொய்? இரண்டு மணி நேரம். நேற்றெல்லாம் நான் அவரைப் பார்த்த அதே பார்வையை அவர் என் மேல் திருப்பியிருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "சட்டியை மாற்றுங்கள். இல்லையென்றால் நெருப்பில் பழுக்கக் காய்ச்சுங்கள், பொறி பறக்கிற அளவுக்கு. அப்புறம் கூப்பிடுங்கள். வருவேனா என்று தெரியாது."

கார் கேட்டைத் தாண்டினதும் ஓனர் ஆரம்பித்தார்.

"கைய ஏன்டா புட்ச? வாய்க்குப் போய்ட்சே, முழுங்கி இருந்தா முட்ஞ்சி போச்சு! ஒன் கெமிஸ்ட்ரியக் கொண்டாந்து என் தலைல கொட்னியே! யார்ரா ஒன்ன கேட்டா?"

"சட்டி மாத்திட்டா திரும்ப வருவாரு சார்."

"வருவானா? நீ போய் மக்குல தண்ணி ஊத்திக் கூப்டு, வருவான்!"

அதைவிட அக்கா கொடுத்ததுதான் வலித்தது. ஒரு வாக்கியம் மட்டும்: "பன்னண்டு பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டு நிக்கிற." அதற்கப்புறம் நாலு நாள் பேச்சே இல்லை. ஷேர் ஆட்டோவில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருவாள். மற்றப் பெண்கள் நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த ஆளிடம் நான் ஏதாவது வாங்கியிருப்பேன், பம்பாயில் வேலை பேசி வைத்திருப்பேன் என்று ஒரு கதை ஓடியது. ராயபுரத்து அக்காதான் வந்து சொன்னாள். "மெய்யான்னு கேக்க வந்தேன்டா, அவ்ளோதான். கோச்சிக்காத."

ஐந்தாம் நாள், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அக்காவே கேட்டாள்.

"நீ சொல்லலன்னா அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"வாந்தி கீந்தி வந்திருக்குமா?"

"வராது."

கொஞ்ச நேரம் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் மீனுக்குத் தனிச் சட்டி. புரட்டாசி மாதம் முழுக்க அதைப் பரண் மேல் ஏற்றிவிடுவாள். போன வருஷம் நான் தெரியாமல் அதில் பால் காய்ச்சிவிட்டேன் என்று, பாலையும் கொட்டி, ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டியவள்.

"பொரட்டாசில கவுச்சி சட்டில நீ சாம்பார் வெச்சிக் குட்த்து, சட்டி புதுசுன்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. "துன்னுடா. ஆறுது."

அடுத்த நாள் அவளே ஓனரிடம் போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. காசிமேட்டில் போட்டுக்கு வெல்டிங் வைக்கிற ஆள் ஒருவர் கேஸ் டார்ச்சோடு வந்து சேர்ந்தார். சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பழுக்கக் காய்ச்சினார். அடிப்பாகம் நெளிந்து, ஒரு பக்கம் புடைத்து, சட்டி ஆட ஆரம்பித்தது. "இது இனிமே தாலாட்டத்தான் லாயக்கு," என்று கைவிரித்துவிட்டார். ஓனர் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு புதுச் சட்டி வாங்கினார். வாங்கின அன்றைக்கே மச்சான் ஒரு கூடை இறாலோடு வந்து நின்றார். கூடையைக் கேட்டிலேயே நிறுத்தியது அக்கா.

பம்பாய்க்காரருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். சட்டி, சட்டி வாங்கின பில், பழைய சட்டி நெளிந்து கிடக்கிற கோலம். பதில் வர மூன்று வாரம் ஆனது. வருகிறேன், ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பேன் என்று இரண்டு வரி. அந்த மூன்று வாரமும் ஓனர் கும்மிடிப்பூண்டி ஷெட்காரரோடு ஃபோனில் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தார், எங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக.

வந்தார். சொன்ன மாதிரி முதலிலிருந்து பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்பதானாலும் உரிக்கிற பெண்களிடம் போய், ராயபுரத்து அக்காவின் அரைகுறை ஹிந்தியை வைத்துக் கேட்டார். சரிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். புது டின், புது எண்ணெய், புதுச் சட்டி. அதே மேஜை, அதே காகிதத் தட்டு, கொஞ்சம் சிப்ஸ், ஒரு பழம். இந்தத் தடவை பழத்தை உரித்தே வைத்திருந்தார்.

சிப்ஸை எடுத்தார். நுனி விரலில் பிடித்தார். உதடு அசையவில்லை. நிமிர்ந்து நேராக என் முகத்தைப் பார்த்தார்.

தலையாட்டிவிட்டிருப்பேன். ஆனால் முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் லீவு. யூனிட் சாவி மச்சானிடம் இருந்தது. திடீரென்று அது ஞாபகம் வந்து தொலைத்தது. வாசலில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாடா பாக்குற?" என்றாள். "ஞாய்த்துக்கெழம பூரா இங்கதான் குந்திகினு இருந்தேன். ஒர்த்தன உள்ள உடல."

நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா வாழைக் கறை படிந்த கையைத் தூக்கி, சாப்பிடு சாப்பிடு என்று ஜாடை காட்டினாள்.

அதற்கப்புறம்தான் அவர் உதடு அசைந்தது.